அணு மாதிரி அஞ்சையும் எதுக்குங்க படிக்கோணும்? கடைசியை மட்டும் சொன்னாப் பத்தாதுங்களா?

தாராபுரத்து வாத்தி
ஜூலை 4, இரவு 8.10

ஒன்பதாம் வகுப்புக்கு அடுத்த வாரம் அணு அமைப்பு. டால்டன் குண்டு, தாம்சன் தர்பூசணி, ரூதர்ஃபோர்டு சூரியக் குடும்பம், நீல்ஸ் போர் வட்டம், கடைசியா எலக்ட்ரான் மேகம். நாலு தடவை "இது தப்பு, அடுத்தது சரி"ன்னு சொல்லிப்போட்டு, அஞ்சாவதை மட்டும் நம்புடான்னா எந்தப் பையன் நம்புவான்? செத்துப்போன நாலையும் தூக்கிக் கடாசிப்போட்டு மேகத்தை மட்டும் நடத்துனா என்னங்க கெட்டுப்போச்சு? இங்கே கல்லூரிக்காரங்க, லேப்காரங்க எல்லாம் இருக்கீங்க. சொல்லுங்க.

நொய்யல்கரை
ஜூலை 4, இரவு 9.45

படங்களை வரிசையா நடத்துனா நீங்க சொல்ற மாதிரித்தான் ஆகும். ஒரு படத்தைப் பார்த்து இன்னொரு படம் தோத்துப் போகலைங்க. ஒவ்வொண்ணும் ஒரு எண் முன்னாடிதான் விழுந்தது. அந்த எண்ணைச் சொல்லாம படத்தை மட்டும் மாத்துனா ஃபேஷன் மாறுற மாதிரித்தான் தெரியும்.

தாம்சனை எடுத்துக்குங்க. முதல்ல தர்பூசணியை விடுங்க, விதை அசையாது. 1904-ல் தாம்சன் எழுதினது, நேர்மின்சாரம் சீரா நிரம்பின ஒரு கோளத்துக்குள்ள எலக்ட்ரான்கள் வளையம் வளையமாச் சுத்துறது. எத்தனை எலக்ட்ரான் எத்தனை வளையத்துல நின்னா நிலைக்கும்னு கணக்கே போட்டிருக்கார்.

இப்ப அந்தக் கோளத்துக்குள்ள 5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆல்ஃபா (ஹீலியத்தோட அணுக்கரு, மின்னூட்டம் 2) ஒண்ணு போகட்டும். தங்கம், மின்னூட்டம் 79, ஆரம் 0.1 நானோமீட்டர்னு வைங்க. கோளத்தோட விளிம்பில் ஆல்ஃபாவுக்கு உள்ள நிலையாற்றல் 1.44 × 2 × 79 ÷ 0.1, சுமார் 2,300 எலக்ட்ரான் வோல்ட். ஆல்ஃபாவோட ஆற்றல் 50 லட்சம். இதை அதால வகுத்தா வர்ற விலகல் 0.00046 ரேடியன், ஒரு டிகிரியில் நூத்துல மூணு பங்குதான். தங்கத் தகடு 0.4 மைக்ரான், 1,500 அடுக்குக்குப் பக்கம். ஒவ்வொரு அடுக்கும் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் தள்ளுதுன்னா மொத்த விலகல் 1,500-ன் வர்க்கமூலம் மடங்கு, அதாவது 39 மடங்கு. சுமார் 1 டிகிரி வருது.

பெரும்பாலான ஆல்ஃபாக்கள் உண்மையிலேயே அந்த அளவுதான் விலகின. அதுவரைக்கும் தாம்சன் பாஸ். ஆனா இந்த வழியில் 90 டிகிரி திரும்பணும்னா அதுக்கான வாய்ப்பு, ஒண்ணுக்குக் கீழே 1 போட்டு 3,000 சைபருக்கு மேல போடணும். ரூதர்ஃபோர்டு லேப்ல கைகர், மார்ஸ்டன் தகட்டுல ஆல்ஃபா விட்டு எண்ணினதில் 8,000-க்கு ஒண்ணு திரும்பி வந்தது. தாம்சன் விழுந்த இடம் இந்த 8,000.

தாராபுரத்து வாத்தி
ஜூலை 4, இரவு 10.02

மூவாயிரம் சைபரா! போர்டு பத்தாதுங்க.

பவானிக் கூடல்
ஜூலை 5, காலை 6.30

நொய்யல், ஒரு திருத்தம். 8,000-க்கு ஒண்ணுங்கறது 1909 கட்டுரையில் பிளாட்டினத்துக்குச் சொன்னது, தகட்டில் பட்டு அதே பக்கம் திரும்பி வந்தவை. 0.00004 சென்டிமீட்டர் தங்கத் தகட்டுக்கு ரூதர்ஃபோர்டு 1911-ல் எடுத்த எண் 20,000-க்கு ஒண்ணு, சராசரியா 90 டிகிரி. பாதி கைடுகள் தங்கத்துக்குப் பக்கத்துல 8,000-ஐ ஒட்டிவச்சிருக்கு.

இன்னொண்ணு. "ஆல்ஃபா விலகிப் போச்சு, ஆகவே அணுக்கரு நேர்மின்சாரம்"னு எல்லாப் புத்தகமும் சொல்லும். அந்தப் பரிசோதனையால அதைச் சொல்ல முடியாதுங்க. மையம் தள்ளினாலும் இழுத்தாலும் கோணக் கணக்கு ஒண்ணுதான்: அரைக்கோணத்தின் சைன், அதோட நாலாம் படி கீழே வரும். ரூதர்ஃபோர்டே 1911 கட்டுரையில் மையம் நேரா எதிரான்னு முடிவு சொல்லலை. "அணுக்கரு" என்ற சொல்லும் அதில் கிடையாது.

நொய்யல்கரை
ஜூலை 5, காலை 7.15

சரிதான். பிளாட்டினம், ஒப்புக்கிறேன்.

அந்த நாலாம் படியைத்தான் வகுப்பில் காட்டணும். அதுக்கு கால்குலேட்டர் போதும். 30 டிகிரிக்கு 15-ன் சைன் 0.2588, நாலாம் படி 0.0045. 150 டிகிரிக்கு 75-ன் சைன் 0.9659, நாலாம் படி 0.87. வகுத்தா 194. 150-ல் ஒண்ணு விழுந்தா 30-ல் 194 விழணும். 1913-ல் கைகரும் மார்ஸ்டனும் 5 டிகிரியிலிருந்து 150 வரைக்கும் எண்ணிப் பார்த்தாங்க. தகட்டின் கனம், ஆல்ஃபாவின் வேகம், உலோகம் மூணையும் மாத்தியும் பார்த்தாங்க. கருவி எதுவும் எண்ணித் தரலை. துத்தநாக சல்ஃபைடு திரையில் மினுக்கும் புள்ளியை இருட்டு ரூமில் மைக்ராஸ்கோப் வழியாக் கண்ணால எண்ணினது. நிமிஷத்துக்கு 90-க்கு மேல போனா எண்ண முடியாது, ரொம்பக் குறைஞ்சா மனசு அலையும். சின்னக் கோணத்துல கொட்டும், பெரிய கோணத்துல சொட்டும். அதனால ஆல்ஃபா மூலத்தின் வலு தானாக் குறையக் குறைய வேற வேற நாளில் வேற வேற கோணத்தை எடுத்து, எல்லாத்தையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வந்தாங்க.

இதுல அணுக்கருவோட ஆரத்தை ரூதர்ஃபோர்டு அளந்துட்டார்னு எழுதறதும் பிழை. 7.7 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆல்ஃபா தங்கத்துக்கு நேரா மோதினா 30 ஃபெர்மி (ஒரு ஃபெர்மின்னா நானோமீட்டரில் பத்து லட்சத்துல ஒரு பங்கு) தூரத்துல நின்னு திரும்பிடும். தங்க அணுக்கருவின் ஆரம் 7 ஃபெர்மி. ஆக அவருக்குக் கிடைச்சது "இதைவிடச் சின்னது" என்ற மேல்வரம்பு. லேசான தனிமங்களில் ஆல்ஃபா கிட்டப்போய் உரசிடும், சூத்திரம் உடையும். 1919-லிருந்து அது உடைஞ்ச இடங்களிலிருந்துதான் அசல் ஆரம் தெரிய ஆரம்பிச்சது.

தாராபுரத்து வாத்தி
ஜூலை 5, பகல் 1.20

பையனுங்க கையால செய்யற மாதிரி ஏதாச்சும்? ஆல்ஃபா மூலமெல்லாம் எங்க ஸ்கூல்ல கனவுலகூட வராது.

பவானிக் கூடல்
ஜூலை 5, மாலை 5.50

கோலிக்குண்டு போதுங்க. 60 சென்டிமீட்டர் அகலத்துல ரெண்டு ஸ்கேலைச் சுவராட்ட வெச்சுத் தடம் கட்டுங்க. நடுவுல 6 குண்டைப் பசை வெச்சு ஒட்டி மேல அட்டை மூடுங்க. ஒரே அளவு குண்டு, 16 மில்லிமீட்டர். பையன் கண்ணை மூடிட்டு, இடத்தை மாத்தி மாத்தி 200 தடவை உருட்டணும். சத்தம் கேட்டா அடி. ஒரு உருட்டுக்கு ஒரு அடிதான் கணக்கு, ரெண்டு குண்டுல பட்டாலும்.

கணக்கு: உருட்டுற குண்டோட மையம் நிக்கற குண்டோட மையத்துக்கு 16 மில்லிமீட்டருக்குள்ள வந்தாப் படும். ரெண்டு பக்கமும் சேர்த்து 32. ஆறு குண்டுக்கு 192. 192-ஐ 600-ஆல வகுத்தா 0.32. 200 உருட்டுக்கு 64 அடி, ஏழு முன்னப்பின்ன இருக்கும். இதைத் திருப்பிப் போட்டா குண்டின் விட்டம் = அடி ÷ உருட்டு × 50 மில்லிமீட்டர்.

எங்க கெடும்னா: உருட்டுற குண்டுக்கும் அகலம் உண்டுங்கறதை மறந்தா விடை 32 வரும், சரியா ரெட்டிப்பு. பெரியவங்களே இதுல விழுவாங்க. நிக்கற குண்டுகள் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறைஞ்சு நின்னா விடை குறையும்; பக்கவாட்டுல 32 மில்லிமீட்டராச்சும் தள்ளி வைங்க, ஓரத்துலயும் அதே இடைவெளி விடுங்க. அட்டையைத் தூக்கிப் பார்த்த பையன் குறிபார்த்து உருட்டுவான். அவன் எண்ணிக்கை 100-ஐத் தாண்டும், தன்னால பிடிச்சுக்கலாம்.

நொய்யல்கரை
ஜூலை 5, இரவு 9.05

நல்ல பரிசோதனை. ஆனா அது ரூதர்ஃபோர்டு இல்லைங்க. குண்டு தொட்டாத்தான் திரும்பும். மின்விசை தொடாமலே திருப்பும். எண்ணிக்கையிலிருந்து அளவு எடுக்கலாம்னு காட்ட மட்டும் வைங்க. 194 வேணும்னா நடுவுல மேடு வேணும்: தூரம் பாதியானா உயரம் ரெட்டிப்பு ஆகற வடிவம். நாதஸ்வரத்தோட அணசைக் கவிழ்த்து வெச்சா கிட்டத்தட்ட அந்த வடிவம்தான். குண்டு பாதி தூரம் ஏறித் திரும்பும். எந்த வித்வான் தருவாருன்னு எனக்குத் தெரியாது.

ஃபவுண்டரி லேப்
ஜூலை 6, காலை 11.40

கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஃபவுண்டரிக்காரங்க யாரும் எழுதலையேன்னு வந்தேன். போர் செத்துட்டார்னு யாருங்க சொன்னது? உலோகத்துல என்னென்ன கலந்திருக்குன்னு ஒளியை வெச்சுச் சொல்ற ஸ்பெக்ட்ரோ மெஷின் ஓடறதே அவர் பேர்லதான். வார்ப்பிரும்பை ஊத்தறதுக்கு முன்னாடி சாம்பிள் எடுத்து ஸ்பார்க் போடறோம். கார்பன், சிலிக்கான், மாங்கனீஸ், பாஸ்பரஸ், சல்ஃபர் ஒவ்வொண்ணும் தன்னோட கோட்டுல ஒளி விடும். மேல்படியிலிருந்து கீழ்படிக்கு எலக்ட்ரான் இறங்கினா அந்த ஆற்றல் வித்தியாசத்துக்கு ஒரே ஒரு அலைநீளம். இது 1913.

கார்பன் கோடு 193.1 நானோமீட்டர். அந்த ஒளியைக் காத்து குடிச்சிடும், அதான் ஆர்கான் ஓடுது. ஆர்கான் சுத்தமில்லைன்னா, இல்ல சாம்பிள் தட்டுல சரியா உக்காரலைன்னா, ஸ்பார்க் பட்ட இடம் கருப்பு வளையம் இல்லாம வெள்ளையா இருக்கும். அந்த எண்ணைக் குப்பையில போடுங்க.

சாம்பிளை செம்பு அச்சுல ஊத்தி வெடுக்குனு உறைய வெக்கணும், உடைச்சா வெள்ளையா இருக்கணும். மெதுவா ஆறினா கார்பன் கிராஃபைட் செதிலாப் பிரிஞ்சிடும். ஸ்பார்க் அந்தச் செதிலை முழுங்கிடும், கார்பன் எண் தப்பாத்தான் வரும். மெஷினைத் திட்டிப் பிரயோஜனமில்லை. தேய்ச்ச முகத்தைக் கையால தொட்டாலும் கார்பன் ஏறும்.

நொய்யல்கரை
ஜூலை 6, இரவு 8.30

கேட்கவே ஆசையா இருக்கு. ஆனா ஒரு பிரிவினை பண்ணணும். இரும்புக்கு 26 எலக்ட்ரான். போரின் வட்டப்பாதைக் கணக்கை வெச்சு இரும்போட ஒரு கோட்டைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு எலக்ட்ரான் உள்ள ஹீலியத்திலேயே அது நொண்டிடுச்சு. உங்க மெஷினில் உயிரோட இருக்கறது படிகளும், படி வித்தியாசம்தான் ஒளி என்கிற விதியும். வட்டம் போயிடுச்சு. மெஷினும் எதையும் கணக்கு போட்டுக் கண்டுபிடிக்கறதில்லை. தெரிஞ்ச சாம்பிளை வெச்சு காலிபரேஷன் பண்ணி, ஒளியின் வலுவை ஒப்பிடுது.

போர் ஜெயிச்ச இடம் ஒத்தை எலக்ட்ரான். அங்கே அவர் ஜெயிச்ச விதம் பிரமாதம். ஹைட்ரஜன் கோடுன்னு நம்பின ஒரு வரிசையை அவர் ஹீலியம் அயனிக்குக் கொடுத்தார். நிறமாலை ஆய்வாளர் ஃபௌலர் மறுத்தார்: உங்க கணக்குப்படி விகிதம் சரியா 4 வரணும், அளந்தா 4.0016 வருதேன்னார். போர், எலக்ட்ரான் மட்டும் சுத்தலை, அணுக்கருவும் சேர்ந்து அசையுது, ரெண்டு நிறையையும் சேர்த்துப் போடுங்கன்னார். போட்டா 4.00163.

இதே அசைவு உங்க மாணவர் நோட்டிலும் வரும், வாத்தியாரே. சிவப்புக் கோட்டுக்கு 1/4 − 1/9 = 5/36. ரிட்பெர்க் எண் 1.09737 கோடின்னு புத்தகத்திலிருந்து எடுத்தா 656.11 நானோமீட்டர். ஹைட்ரஜனுக்குத் திருத்தின 1.09678 கோடி போட்டா 656.47. அட்டவணையில் 656.28. மூணும் வேற வேற, பையன் குழம்புவான். முதலாவது அணுக்கரு அசையவே இல்லைன்னு வெச்ச கணக்கு, ரெண்டாவது வெற்றிடத்துல, மூணாவது காத்துல. காத்தின் ஒளிவிலகல் எண் 1.00028-ஆல வகுத்தா ரெண்டாவதே மூணாவதாயிடும்.

தாராபுரத்து வாத்தி
ஜூலை 6, இரவு 9.10

இந்த மூணுக்கு இத்தனை வருசமா "தோராயம்"னு எழுதி டிக் போட்டுட்டு இருந்தோம்.

ராஜ வீதி உரைகல்
ஜூலை 7, பகல் 12.15

நகைக்கடைக்காரங்களுக்கும் ஒரு இடம் கொடுங்க. காரட் மீட்டர் (எக்ஸ்-கதிர் விட்டு நகையில் எவ்வளவு தங்கம்னு சொல்ற மெஷின்) முழுக்க இயற்பியலாளர் மோஸ்லிதான். 1913-14-ல் அவர் கண்டது: எக்ஸ்-கதிர் அதிர்வெண்ணின் வர்க்கமூலம் அணு எண்ணோட நேர்கோடு. அணு எடையோட இல்லை. கோபால்ட்டும் நிக்கலும் எடைப்படி இடம் மாறி நிக்கறதுக்குத் தீர்ப்பு வந்ததும் அப்பத்தான்.

அணு எண்ணில் 1 கழிச்சு, வர்க்கம் எடுத்து, 10.2-ஆல பெருக்குங்க. செம்பு 29: 28 × 28 × 10.2 = 7,997 எலக்ட்ரான் வோல்ட். மீட்டரில் 8,050. வெள்ளி 47: 46 × 46 × 10.2 = 21,583; மீட்டரில் 22,160. ஒரு வரிக் கணக்குக்கு இது போதாதா? தங்கத்துக்கு இதே சூத்திரத்தைப் போடாதீங்க. உள்கூட்டு எலக்ட்ரானைக் கிளப்ப 80.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வேணும், நம்ம குழாய் 40, 50-தான். அதனால அடுத்த கூட்டின் கோடு, 9.71 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதுக்குக் கழிக்க வேண்டியது 1 இல்லை, 7.4: 71.6-ன் வர்க்கத்தை 1.889-ஆல பெருக்கினா 9,684.

நடைமுறையில் ஏமாறுற இடம்: மீட்டர் பார்க்கறது மேலே 10 மைக்ரான் அளவுதான். கனமான முலாம் போட்டா 916-னே காட்டும். இரிடியம் 9.18-ல் நிக்கும், அதைத் தேடச் சொல்லி மீட்டருக்குச் சொல்லித்தரலைன்னா தங்கத்தோட சேர்ந்து மறைஞ்சுடும். சந்தேகம்னா வெட்டி உருக்கி, தீயில் இட்டுப் பார்க்கற சோதனைதான் முடிவு.

நொய்யல்கரை
ஜூலை 7, இரவு 10.40

முதல் நாள் எழுதினதை இப்பத் திரும்பிப் பார்க்கிறேன். "ஒவ்வொண்ணும் ஒரு எண் முன்னாடி விழுந்தது"ன்னேன். அது பாதிதான். தப்பான படம் சரியான எண்ணைக் கொடுத்த இடங்களும் இருக்கு, அதை மறைச்சா வாத்தியாருக்கு நியாயம் பண்ணினதாகாது.

ஒண்ணு, சோமர்ஃபெல்டு, 1916. போர் வட்டத்தை நீள்வட்டமாக்கி, சார்பியலைச் சேர்த்து, ஹைட்ரஜன் கோடுகளின் நுண்பிளவைக் கணக்கிட்டார். எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி இருக்குன்னே அப்பத் தெரியாது. 1928-ல் டிராக் தற்சுழற்சியோட அமைச்ச சமன்பாட்டிலிருந்தும் அதே ஆற்றல் சூத்திரம்தான் வந்தது. நீள்வட்டம் பொய், விடை மெய்.

ரெண்டு, ஸ்டெர்ன், கெர்லாக், 1922, ஃபிராங்க்ஃபர்ட். வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரில்லாத காந்தப்புலத்துல விட்டாங்க, ரெண்டாப் பிரிஞ்சது. போர் சொன்ன மாதிரியே நடந்துச்சுன்னு போருக்கே தபாலட்டை போட்டாங்க. உண்மையில் வெள்ளியோட வெளி எலக்ட்ரானுக்குப் பாதைவழிக் கோண உந்தம் சைபர். பிரிஞ்சது தற்சுழற்சியால, அதை ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் முன்வெச்சது 1925. (அந்த வெள்ளிப் படிவு முதல்ல கண்ணுக்கே தெரியலை. ஸ்டெர்னோட மட்டச் சுருட்டுப் புகையில் இருந்த கந்தகம் பட்டுத்தான் கருத்துத் தெரிஞ்சதுன்னு அவரே பின்னால சொன்னார்.)

போர் மாதிரிக்கு ஆற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட், ஆரம் 0.0529 நானோமீட்டர் ரெண்டும் சரி. ஆனா தரைநிலையில் கோண உந்தம் ஒரு அலகுன்னு சொல்லுது, இருக்கறது சைபர். மேகத்தை எதுக்கு நடத்தணும்னா இந்த ஒரு சைபரைச் சொன்னாப் போதும்.

பவானிக் கூடல்
ஜூலை 8, காலை 6.10

ஃபிராங்க், ஹெர்ட்ஸையும் அதே பட்டியல்ல போடுங்க. 1914-ல் பாதரச ஆவிக்குள்ள எலக்ட்ரானை வேகமா விட்டப்ப 4.9 வோல்ட்டுக்கு ஒரு தரம் மின்னோட்டம் விழுந்தது. அணுவுக்குள்ள படி இருக்குங்கறதுக்கு நேரடிச் சாட்சி. ஆனா அவங்க அதை அயனியாக்கம்னு நினைச்சாங்க; பாதரசத்துக்கு அயனியாக்கம் 10.4.

கல்லூரி லேபில் ஆர்கான் குழாய் இருக்கறவங்களுக்கு: முதல் முகட்டின் வோல்ட்டேஜை அப்படியே விடையா எழுதாதீங்க. மின்வாய் உலோகங்களின் தொடுமின்னழுத்தம் எல்லா முகட்டையும் ஒரே அளவு தள்ளி வெச்சிருக்கும். அடுத்தடுத்த முகடுகளின் இடைவெளியை எடுத்துச் சராசரி போடுங்க, 11.5-ஐ ஒட்டி வரும்.

தாராபுரத்து வாத்தி
ஜூலை 8, இரவு 7.30

நியூட்ரானை மறந்துட்டீங்களே. அதுவரைக்கும் அணுக்கருவுக்குள்ள என்ன இருந்ததா நினைச்சாங்க?

நொய்யல்கரை
ஜூலை 8, இரவு 9.20

புரோட்டானும் எலக்ட்ரானும். நைட்ரஜன் 14 என்றால் 14 புரோட்டான், உள்ளேயே 7 எலக்ட்ரான். நிறை 14, மின்னூட்டம் 7, ரெண்டும் ஒத்துவரும். எட்டாம் வகுப்புக் கணக்குக்கு இதுல குறையே இல்லை.

விழுந்தது கூட்டிப் பார்த்தப்ப. 14 + 7 = 21, ஒத்தைப்படை. ஒவ்வொண்ணுக்கும் அரைச் சுழற்சி, ஒத்தைப்படையானா மொத்தமும் அரையில்தான் முடியும். 1929-ல் ராசெட்டி நைட்ரஜன் வாயுவில் ராமன் சிதறலை எடுத்தார். கோடுகள் ஒண்ணுவிட்டு ஒண்ணு வலுத்தும் மெலிஞ்சும் வந்த வரிசை, அணுக்கருவின் சுழற்சி முழு எண்ணாத்தான் இருக்கணும்னு சொல்லிடுச்சு. கொல்கத்தாவில் ராமன் கண்டுபிடிச்சு ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. 1932-ல் சாட்விக் நியூட்ரானைக் கண்டதும் 7 + 7 = 14, இரட்டைப்படை, ஒழிஞ்சது வழக்கு.

வகுப்பில் 21-ஐயும் 14-ஐயும் போர்டில் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. மத்ததைப் பையனே சொல்லுவான்.

தாராபுரத்து வாத்தி
ஜூலை 9, இரவு 8.45

சரிங்க, கட்சி மாறிட்டேன். அஞ்சையும் நடத்தறேன். ஆனா படத்துக்குக் கீழே தலைப்பு மாத்தறேன்: இந்தப் படம் எந்த எண்ணைச் சொல்லுச்சு, எந்த எண்ணுல விழுந்தது. டால்டனுக்கு ஆக்சிஜன் 7-னு போடறேன். தண்ணியில் ஹைட்ரஜன் ஒண்ணு, ஆக்சிஜன் ஒண்ணுன்னு அவர் எடுத்துக்கிட்டதால வந்தது. சரிதானுங்க? திங்கக்கிழமை கோலிக்குண்டு. குண்டு விட்டத்தை ஸ்கேல்ல அளந்தா 15-ஆ 17-ஆன்னே தெரியலை.

பவானிக் கூடல்
ஜூலை 9, இரவு 9.00

7 சரி, 1808 அட்டவணை. அவர் எடையும் கொஞ்சம் கம்மி. நல்லா அளந்தா 8 வந்திருக்கும், 16 இல்லை.

குண்டை ஒத்தையா அளக்காதீங்க. பத்துக் குண்டை ரெண்டு ஸ்கேலுக்கு நடுவுல வரிசையா நெருக்கி வெச்சு மொத்த நீளம் எடுத்துப் பத்தால வகுங்க. முட்டை வடிவக் குண்டு ரெண்டு மூணு இருக்கும், கண்ணாடி மேல உருட்டினா வளைஞ்சு போகும். அதை எடுத்துப் போட்டுட்டு அளங்க.